ஹோல்டில் வைத்த பிளேட்லெட் பைகள் தேதி முடிந்து வீணாகின்றன, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

இரவுப்பணி | செவ்வாய், காலை 7:40

இன்று ஷிப்ட் முடிந்து கிளம்பும் முன் ஐந்து பிளேட்லெட் பைகளைக் கழிவில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஐந்தும் எஸ்டிபி, அதாவது ஒரே கொடையாளரிடமிருந்து இயந்திரத்தில் எடுத்தவை. நேற்று நள்ளிரவோடு தேதி முடிந்தவை. கழிவுப் பதிவேட்டில் ஒவ்வொரு பையின் கொடை எண்ணையும் எழுத வேண்டும். அதில் ஒரு எண் எனக்கு ஞாபகம் இருந்தது. புதன்கிழமை அந்தக் கொடையாளர் இயந்திரத்தில் ஒன்றரை மணி நேரம் படுத்திருந்தார். நடுவில் உதடு மரத்துப்போகிறது என்றார். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டால் வருவதுதான் என்று சொல்லிக் கால்சியம் மாத்திரை கொடுத்தோம். சப்பிக்கொண்டே "பரவாயில்லை, முடித்துவிடுங்கள்" என்றார். அவருடைய பையும் அந்த ஐந்தில் ஒன்று.

நடந்தது இதுதான். புதனன்று எடுத்து, பரிசோதனைகள் முடிந்து, வெள்ளி காலை ஏழு பைகள் தயாராக இருந்தன. சனிக்கிழமை ஒரு இதய அறுவைசிகிச்சைக்காக மூன்று பைகளை ஹோல்டில், அதாவது அந்த நோயாளிக்கென்று ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி, வைக்கச் சொன்னார்கள். அறுவை நல்லபடியாக முடிந்தது, ஒரு பைகூடத் தேவைப்படவில்லை. அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஞாயிறு மாலை வேறொரு மருத்துவமனையிலிருந்து அதே குரூப்பில் இரண்டு பை கேட்டார்கள். எல்லாம் ஹோல்டில் இருக்கிறது என்று சொல்லி நான்தான் போனை வைத்தேன். ஸ்டிக்கர் திங்கள் நள்ளிரவு வரை அப்படியே ஒட்டியிருந்தது.

மற்ற இரண்டு பைகள் வேறு குரூப், கேட்பாரில்லாமல் போனவை, அதற்கு மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இந்த மூன்றும் அப்படியில்லை. உங்கள் இடத்தில் ஹோல்டை எப்போது, யார் எடுக்கிறார்கள்? எழுதிவைத்த விதி ஏதாவது இருக்கிறதா?

முப்பதாண்டு | செவ்வாய், காலை 9:15

தங்கச்சி, முதலில் அந்த ஸ்டிக்கரை ஒழித்துவிடுங்கள்.

பைக்குப் பெயர் ஒட்டும் பழக்கம் நமக்குச் சிவப்பணுவிலிருந்து வந்தது. அங்கே பையின் ரத்தம் நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று கிராஸ்மேட்ச் செய்கிறோம், இன்ன பை இன்னாருக்கு என்று கட்டிவைப்பதில் அர்த்தம் இருக்கிறது. பிளேட்லெட்டுக்கு வழக்கமாகக் கிராஸ்மேட்ச் கிடையாது. எச்எல்ஏ (திசு வகை) பொருத்தம் பார்த்து எடுத்த பை என்றால் சரி, அது அந்த ஒருவருக்கே. மற்றபடி தியேட்டருக்கு வேண்டியது, கேட்டவுடன் அந்தக் குரூப்புக்கு ஒத்துப்போகும் ஒரு பை. எந்தப் பை என்பது அவர்களுக்குத் தேவையே இல்லாத விஷயம்.

அதனால் நாங்கள் பையைக் கட்டிவைப்பதை நிறுத்திவிட்டு எண்ணிக்கையை மட்டும் பலகையில் எழுதினோம். "சனி, இதயம், 2, மாலை 6 வரை." அவ்வளவுதான். அலமாரியில் உள்ள பைகள் தேதி வரிசையில் போய்க்கொண்டே இருக்கும். யார் கேட்டாலும் முதலில் முடியப்போகும் பை போகும், பின்னால் வருவது அந்த இடத்தை நிரப்பும். ஒரே நாளில் மூன்று அறுவைகளுக்கு இரண்டிரண்டு கேட்டால் ஆறு பை எடுத்துவைக்க மாட்டோம். மூன்றிலும் ஒருசேர ரத்தம் கொட்டுவது அரிது என்பதால் மூன்று பை வைப்போம். நாலாவது தேவைப்பட்டால் எங்கிருந்து, எத்தனை நிமிடத்தில் வரும் என்பதைப் பலகையின் ஓரத்தில் எழுதியிருப்போம்.

நேரம் முக்கியம். முடிவு நேரம் இல்லாத ஹோல்டை நாங்கள் வாங்கிக்கொள்வதே இல்லை. நேரம் வந்ததும் டெக்னீஷியன் தியேட்டருக்குப் போன் செய்து, "நோயாளி ஐசியூவுக்குப் போய்விட்டாரா, டிரெயின் குழாயில் எவ்வளவு ரத்தம் வருகிறது?" என்று கேட்பார். குறைவு என்றால் ஹோல்டை எடுத்துவிடுவார். அந்தப் போன் ஒரு நிமிடம்கூட ஆகாது.

வார்டு_ஐந்து | செவ்வாய், மதியம் 1:05

நான் ரத்தவியல் வார்டு மருத்துவர். எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

நாங்கள் ஏன் கூடுதலாக ஹோல்டு கேட்கிறோம் தெரியுமா? ஒருமுறை இரவு இரண்டு மணிக்கு, பிளேட்லெட் எண்ணிக்கை மிகக் குறைவாக 4,000-க்கு இறங்கி மூக்கிலிருந்து ரத்தம் நிற்காத ஒரு நோயாளிக்குப் பை இல்லை என்று பதில் வந்தது. பை வர ஐந்து மணி நேரம் ஆனது. மூக்கில் பஞ்சு திணித்துக்கொண்டு அவர் கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அந்த இரவைப் பார்த்த மருத்துவர் அடுத்த பத்து நோயாளிகளுக்கும் இரண்டு பை கூடுதலாகத்தான் கேட்பார். அதைப் பொறுப்பின்மை என்று சொல்லாதீர்கள், அது பயம். "இன்று உங்கள் வார்டுக்கு இத்தனை பை உறுதி" என்று ரத்த வங்கி காலையிலேயே சொல்லிவிட்டால் எங்கள் பக்கம் ஹோல்டு தானாகக் குறையும்.

இன்னொன்று. முதலில் முடியும் பையை முதலில் கொடுப்பது உங்களுக்கு வசதி. ஆனால் லுகேமியா நோயாளிகள்தான் தினமும் வாங்குபவர்கள். அதனால் நாலாம் நாள், ஐந்தாம் நாள் பைகள் எல்லாம் எங்கள் வார்டுக்கே வந்து சேர்கின்றன. ஏற்றிய பிறகு எண்ணிக்கை ஏறவில்லை என்றால் உடம்பு ஏற்க மறுக்கிறதா, பை பழையதா என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

ஆய்வக மாணவி | செவ்வாய், மாலை 4:30

அக்கா, ஒரு அடிப்படைக் கேள்வி, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிவப்பணு ஃபிரிட்ஜில் 42 நாள் வரை நிற்கிறது. பிளேட்லெட்டை மட்டும் ஏன் வெளியே வைத்து ஆட்டிக்கொண்டே இருக்கிறோம்? ஃபிரிட்ஜில் வைத்தால் இந்தப் பிரச்சினையே இருக்காதே?

முப்பதாண்டு | செவ்வாய், இரவு 8:50

நல்ல கேள்விதான். 1960-களில் ஃபிரிட்ஜில்தான் வைத்தார்கள். 1969-ல் மர்ஃபியும் கார்ட்னரும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, 4 டிகிரியில் இருந்த பிளேட்லெட்டைவிட அறை வெப்பத்தில் இருந்தது உடம்புக்குள் போனபின் நெடுநேரம் சுற்றிவருவது தெரிந்தது. குளிரில் பிளேட்லெட் தட்டையான வடிவத்தை இழந்துவிடும், மேற்பரப்பில் உள்ள சில ஏற்பிகள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிடும். கல்லீரல் அதை அடையாளம் கண்டு சீக்கிரமே வடிகட்டிவிடுகிறது. அதனால்தான் 20 முதல் 24 டிகிரி.

அந்த வெப்பத்தில் அது உயிரோடு இயங்கிக்கொண்டே இருக்கிறது. குளுக்கோஸைச் செலவழித்து லாக்டிக் அமிலத்தை விடுகிறது. ஆக்சிஜன் போதவில்லை என்றால் அமிலம் கூடும், பிஎச் இறங்கும். 6.2-க்குக் கீழே போனால் அது பயன்படாது. பையின் பிளாஸ்டிக் காற்றை உள்ளே விட வேண்டும், அஜிடேட்டர் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதெல்லாம் இதற்காகத்தான். ஒரு நல்ல பையை விளக்குக்கு எதிரே பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே பட்டுத்துணி அசைவதுபோல ஒரு மினுமினுப்பு ஓடும். தட்டை வடிவம் கெடாத பிளேட்லெட்டுகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது. வடிவம் கெட்டால் மங்கலான மஞ்சள் தண்ணீர்தான் தெரியும்.

ஐந்து நாள் என்ற கெடுவுக்கு முக்கியக் காரணம் பாக்டீரியா. அறை வெப்பம் கிருமிக்கும் சுகம்தானே. நல்ல பைகள் வந்ததும் அமெரிக்காவில் 1984-ல் ஏழு நாள் வரை வைக்க அனுமதித்தார்கள். கிருமி வளர்ந்த பைகளால் நோயாளிகளுக்குச் செப்சிஸ் (உயிருக்கு ஆபத்தான கிருமித்தொற்று விளைவு) வந்த பிறகு 1986-ல் ஐந்துக்கே இறக்கினார்கள். இப்போது சில நாடுகளில், தாமதமாக மாதிரி எடுத்துக் கல்ச்சர் வைத்தோ (கிருமி வளர்கிறதா என்று பார்த்தோ) வேறு வழியில் கிருமி ஆபத்தைக் குறைத்தோ மறுபடியும் ஏழு நாள் வைக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவின் கல்ச்சர் வழியில், எடுத்து 48 மணி நேரம் கழித்து மாதிரி எடுத்து, அதன்பின் குறைந்தது 12 மணி நேரம் காத்திருந்துதான் அந்தப் பையை வெளியே விடலாம். கூட்டிய இரண்டு நாளில் பெரும்பகுதி முன்பக்கமே போய்விடுகிறது.

ஃபிரிட்ஜும் திரும்பி வருகிறது. 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, வழக்கமான பிளேட்லெட் கிடைக்காத இடத்தில், ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் நோயாளிக்குக் குளிரில் வைத்ததை 14 நாள் வரை கொடுக்கலாம் என்றது. கொட்டுவதை நிறுத்த அது உதவும். கீமோ நோயாளிக்கு இரண்டு மூன்று நாள் எண்ணிக்கை தாங்க வேண்டும், அங்கே இது சரிப்படாது.

நைட்_நர்ஸ் | செவ்வாய், இரவு 11:20

ஃபிரிட்ஜ் என்றதும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை, வந்த பிளேட்லெட் பையை ரத்தம்தானே என்று மருந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாள். நோயாளி ஸ்கேனுக்குப் போயிருந்தார். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது பை சில்லென்று இருந்தது, ரத்த வங்கி திரும்ப வாங்க மறுத்துவிட்டது. அவள் அழுதுவிட்டாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. இப்போது பையோடு வரும் சீட்டிலேயே "ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உடனே ஏற்றுங்கள், முடியாவிட்டால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று பெரிய எழுத்தில் அச்சடித்து வருகிறது. பை கேட்கும் முன் ஊசிவழி திறந்திருக்கிறதா, நோயாளி கட்டிலில் இருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்கிறோம்.

கணக்கன் | புதன், காலை 10:00

நான் மருத்துவன் இல்லை, மருத்துவமனைகளுக்கு இருப்புத் திட்டமிடும் வேலை. ஒரு நாளுக்குச் சராசரியாக நான்கு பை போகிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் நான்கு பை வரவழைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் ஒரு நாள் ஒன்றுகூடப் போகாது, மறுநாள் ஒரு விபத்து வந்து பதினொன்று போகும். சராசரியை வைத்து இருப்பு வைத்தால் இரண்டு பக்கமும் அடி விழும்.

ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு பை இல்லாமல் போவதன் பாதிப்பு, ஒரு பை வீணாவதன் பாதிப்பைப் போல ஒன்பது மடங்கு என்று உங்கள் மருத்துவமனை கருதுகிறது என்றால், பத்து நாளில் ஒன்பது நாள் தேவைக்குப் போதும் அளவு வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்தால் பல நாளில் மிஞ்சத்தான் செய்யும். மிஞ்சியது மறுநாளுக்கும் உதவும் என்பதால் எல்லாம் வீணாகாது, ஆனால் வீண் பூஜ்யமாகாது. அதனால் வீணான பைகளை மட்டும் எண்ணும் இடங்களைப் பார்த்தால் எனக்குக் கவலை. அதே மாதத்தில் எத்தனை முறை இல்லை என்றோம், எத்தனை முறை தாமதமானது, கொடுத்த பைகளின் வயது என்ன என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரவுப்பணி, ஞாயிறு மாலை நீங்கள் மறுத்த அந்த இரண்டு பை எந்தப் பதிவேட்டில் ஏறியது?

இருப்பைப் பகிர்ந்தால் நிறைய மாறும். இரண்டு மருத்துவமனைகளின் தேவையும் தலைக்கு மூன்று பை அளவில் ஏறி இறங்குகிறது என்றால், இருப்பை ஒன்றாகப் பார்க்கும்போது அது ஆறாகாது, சுமார் 4.2 தான் ஆகும். இங்கே ஏறும்போது அங்கே இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

முன்கணிப்பும் உதவும். ஸ்டான்ஃபோர்டில் நோயாளிகளின் ரத்த எண்ணிக்கை, எந்த வார்டில் எத்தனை பேர் என்ற தகவல்களை வைத்து அடுத்த மூன்று நாள் தேவையைக் கணித்தார்கள். 2017-ல் வெளியான அந்த ஆய்வின் மதிப்பீட்டின்படி வீண் 10.5 சதவீதத்திலிருந்து 3.2-க்கு இறங்கும். அதற்குப் பெரிய மென்பொருள் வேண்டியதில்லை என்பது என் அனுபவம். ரத்தவியல் வார்டில் இன்று 20,000-க்குக் கீழே எத்தனை பேர், கீமோ தொடங்கி ஒரு வாரம் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்கள் காலை எட்டு மணிக்குக் கிடைத்தாலே மறுநாள் தேவை பாதி தெரிந்துவிடும்.

இரவுப்பணி | புதன், மாலை 6:15

கணக்கன் சார், அந்த ஞாயிறு அழைப்பு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. போன் வைத்ததோடு சரி. நீங்கள் கேட்ட பிறகுதான் அது உறைத்தது.

வார்டு ஐந்து டாக்டர், பழைய பை பற்றிய உங்கள் குறை நியாயம். ஆனால் எல்லாருக்கும் புதிய பை என்றால் பழையது முழுக்கக் குப்பைக்குத்தான் போகும். பொதுவாகத் தேதி வரிசையில் போகட்டும். யாருக்கு எண்ணிக்கை ஏறவில்லை என்று சந்தேகமோ அவருக்கு மட்டும், குரூப் ஒத்த, மூன்று நாளுக்குள்ளான பை அடுத்தடுத்து இரண்டு முறை தருகிறோம். ஏற்றி முடித்து 10 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மாதிரி அனுப்புங்கள். இரண்டு முறையும் ஏறவில்லை என்றால் காரணம் நோயாளியிடம் இருக்கிறது, எச்எல்ஏ பார்க்கலாம். மறுநாள் காலை மாதிரியை மட்டும் பார்த்தால் காய்ச்சலா, மண்ணீரலா, எதிர்ப்பணுவா (ஆன்டிபாடியா) என்று பிரிக்க முடியாது.

வார்டு_ஐந்து | புதன், இரவு 9:40

இது எனக்குச் சம்மதம். அந்த ஒரு மணி நேர மாதிரியை நாங்கள்தான் பல சமயம் எடுக்காமல் விடுகிறோம், ஒப்புக்கொள்கிறேன்.

கேட்பதையே குறைப்பது பற்றியும் பேச வேண்டும். கீமோவால் குறைந்த எண்ணிக்கையில், ரத்தக்கசிவு இல்லாதவருக்கு 10,000 என்ற எல்லை பல ஆண்டுகளாக ஏற்கப்பட்டது. ஆனாலும் இரவில் 18,000 என்று அறிக்கை வந்தால் "எதற்கும் ஒரு பை ஏற்றிவிடுவோம்" என்று எழுதும் கைகள் அதிகம். 2010-ல் வந்த பிளாடோ ஆய்வில் கீமோ, ஸ்டெம்செல் மாற்று சிகிச்சை நோயாளிகளுக்குக் குறைந்த, நடுத்தர, அதிக அளவுகளில் முன்தடுப்பாக, அதாவது கசிவு வரும் முன்பே, ஏற்றிப் பார்த்தார்கள். மூன்று குழுவிலும் ரத்தக்கசிவு ஏறக்குறைய ஒன்றுதான். குறைந்த அளவு குழுவுக்கு அதிக முறை ஏற்ற வேண்டியிருந்தது, ஆனால் மொத்தம் செலவான பிளேட்லெட் குறைவு. அதனால் தட்டுப்பாட்டு நாளில் ஒரு எஸ்டிபியை மூடிய முறையில் இரண்டாகப் பிரித்து இருவருக்குத் தருவதில் எனக்குத் தயக்கமில்லை.

டெங்கு இன்னும் தெளிவு. 20,000-க்குக் கீழே இறங்கி, கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே ஏற்றுவது கசிவைத் தடுக்கவில்லை என்று 2017-ல் லான்செட்டில் வந்தது. குறைமாதக் குழந்தைகளில் 2019-ல் வந்த பிளானெட்-2 ஆய்வு எங்களை உலுக்கிவிட்டது. 50,000-க்குக் கீழே போனாலே ஏற்றிய குழுவில் 26 சதவீதம் பேருக்கு மரணமோ பெரிய கசிவோ நேர்ந்தது, 25,000 வரை பொறுத்த குழுவில் 19 சதவீதம். தேவையில்லாத பை தீங்கும் செய்யும் என்பதை இளம் மருத்துவர்களிடம் இந்த எண்களைக் காட்டித்தான் புரியவைக்கிறேன்.

அதற்காக முன்தடுப்பையே விட்டுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். 2013-ல் டாப்ஸ் ஆய்வில் முன்தடுப்பு இல்லாத குழுவில் 50 சதவீதம் பேருக்குக் கசிவு, ஏற்றிய குழுவில் 43.

கொடைத்தொடர்பு | வியாழன், காலை 11:30

கொடையாளர்களை அழைப்பவள் நான். எங்கள் பக்கத்தில் பெரிய தவறு கிழமையில் இருக்கிறது. முகாம்கள் சனி, ஞாயிறில் வைக்கிறோம், ஏனென்றால் மக்களுக்கு அன்றுதான் ஓய்வு. அந்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளேட்லெட் பைகள் (ஆர்டிபி) எல்லாம் வியாழன், வெள்ளியில் ஒரே மூச்சாக முடியும். அடுத்த முகாம் வரை அலமாரி காலி. தொடர் விடுமுறை வந்தால் கேட்கவே வேண்டாம். எல்லா ரத்தத்திலிருந்தும் பிளேட்லெட் பிரித்தே ஆக வேண்டும் என்பதில்லை, அன்றைய இருப்பைப் பார்த்துப் பிரிக்கலாம் என்று எங்கள் அதிகாரியிடம் சொல்லவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அஃபெரிசிஸ் (இயந்திரத்தில் பிளேட்லெட் மட்டும் தரும்) கொடையாளர்களை நான் இப்போது திங்கட்கிழமையே மொத்தமாக அழைப்பதில்லை. சிலரை ஞாயிறன்றே எடுக்கிறேன், புதன் காலை இருப்பைப் பார்த்து வியாழனுக்கு நான்கு பேர். "இன்று தேவையில்லை, வியாழன் வருவீர்களா?" என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. தன் பை கண்டிப்பாக ஒருவருக்குப் போகும் நாளில் வரவே அவர்களுக்கும் ஆசை.

முப்பதாண்டு | வியாழன், மதியம் 2:10

குரூப் பற்றி ஒரு வார்த்தை. ஏபி பை அபூர்வம், ஓ பை மிஞ்சும். அதே குரூப்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பாதிப் பைகள் தேதி முடியும். பெரியவர்களுக்குப் பிளாஸ்மாவின் எதிர்ப்பணு அளவு பார்த்து மாற்றிக் கொடுக்கலாம். ஓ பையை ஏ நோயாளிக்குக் கொடுக்கும் முன் எதிர்ப்பணு அதிகமா என்று பாருங்கள், சேர்ப்புக் கரைசலில் உள்ள பை என்றால் பிளாஸ்மா குறைவு, ஆபத்தும் குறைவு. சின்னக் குழந்தைக்கு மட்டும் தளர்த்தாதீர்கள். ஆர்எச் நெகட்டிவ் பெண்பிள்ளைக்குப் பாசிட்டிவ் பை போனால் ஆன்டி-டி ஊசி பற்றி மருத்துவரிடம் அப்போதே பேசிவிடுங்கள், பிறகு என்றால் மறந்துபோகும்.

கதிர்வீச்சு கொடுத்த பிளேட்லெட்டுக்குத் தேதி குறையாது. சிவப்பணுவுக்குக் குறைவதுபோல இதற்கும் குறைத்து எழுதி நல்ல பையைத் தூக்கிப்போட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இரவுப்பணி | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 6:50

இந்த இழையைத் திரும்ப மேலே கொண்டுவருகிறேன். ஸ்டிக்கர் போய்விட்டது. பலகை வந்திருக்கிறது. காலை எட்டு மணிக்கு டாக்டரின் வார்டிலிருந்து இரண்டு எண்கள் வருகின்றன, சில நாள் ஒன்பதுக்கு, ஒரு நாள் வரவே இல்லை. "இல்லை என்று சொன்னவை" என்று ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை, நம் குறையை நாமே எழுதிவைப்பதா என்றார். இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேற்று மாலை 6 மணிக்கு ஒரு ஹோல்டின் நேரம் முடிந்தது. ஐசியூவுக்குப் போன் செய்தேன். டிரெயினில் கடைசி இரண்டு மணி நேரத்தில் 40 மில்லி என்றார்கள், ஹோல்டை எடுத்தேன். ஏழரைக்குப் பிரசவ அறையிலிருந்து ரத்தக்கசிவு என்று கேட்டார்கள். பலகையில் முதல் வரிசையில் இருந்த, நள்ளிரவில் தேதி முடியவேண்டிய பையை அஜிடேட்டரிலிருந்து எடுத்து, விளக்கில் சாய்த்துப் பார்த்தேன். மினுமினுப்பு நன்றாக இருந்தது. கொடுத்தனுப்பினேன்.

இன்று இரவு ஒரு ஏபி பை முடிகிறது. பக்கத்து மருத்துவமனைகள் மூன்றுக்கும் போன் செய்துவிட்டேன், யாருக்கும் வேண்டாம். அதற்கு என்னிடம் வழியில்லை.

கேட்டவர்களுக்காக, எங்கள் ஹோல்டு படிவத்தில் சேர்த்த வரிகள் இவை: "ஹோல்டு முடியும் தேதி, நேரம். அந்த நேரத்தில் நாங்கள் யாரை அழைக்க வேண்டும்? அவருடைய எண்." மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

வார்டு_ஐந்து | ஞாயிறு, காலை 8:05

இன்றைய எண்கள்: 20,000-க்குக் கீழே ஆறு பேர், கீமோ தொடங்கி ஒரு வாரம் தாண்டியவர்கள் நாலு பேர். ஆறில் ஒருவர் ஏபி, காலை எண்ணிக்கை 9,000, கட்டிலில்தான் இருக்கிறார், ஊசிவழி திறந்திருக்கிறது. அந்தப் பையை அனுப்புங்கள்.